யாருக்காக யார் ஊர் மாறுவது?

1980-ல் ரூத் பேடர் கின்ஸ்பர்க்குக்கு வாஷிங்டனில் ஃபெடரல் அப்பீல் கோர்ட் நீதிபதி பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 47. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்தார். கணவர் மார்ட்டினும் அங்கேயே பேராசிரியர். வரிச் சட்டத்தில் பெரிய கை. எல்லோருக்கும் அவர் மார்ட்டி. செய்தி கேட்டு வாழ்த்த வந்தவர்கள் ரூத்திடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே எப்படி அலையப்போகிறீர்கள்? மனைவியின் வேலைக்காகக் கணவர் ஊர் மாறுவார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மார்ட்டி கொலம்பியா வேலையை விட்டார், வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கேட்டவர்களிடம், என் மனைவிக்கு நல்ல வேலை கிடைத்தது, அதனால் வந்தேன் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ரூத் 1993-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டாவது பெண் நீதிபதியானார். 2020-ல் இறக்கும்வரை 27 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். அவருடைய தீர்ப்புகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கரியரில் மேலே வரத் துடிக்கும் உங்களுக்கு நான் காட்ட விரும்புவது அவருடைய கல்யாணத்தை. 56 ஆண்டு நீடித்த கல்யாணம் அது. இரண்டு பேரையும் ஒருசேர உயர்த்திய இப்படியொரு ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

சம்பளம், பதவி, எந்த ஊரில் வேலை, குழந்தை பிறந்தபிறகு வேலையில் நீடிப்பதா... இவற்றில் பாதி உங்கள் வீட்டு ஹாலில் முடிவாகிறது. அதனால் துணையைத் தேடும்போதும் துணையோடு வாழும்போதும் கரியர் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இதில் சுயநலம் இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். இருவருக்கும் லாபம் தருகிற சுயநலம் இது.

1. மூளையை மதிக்கிறவரைத் தேடுங்கள்

ரூத்தும் மார்ட்டியும் சந்தித்தது 1950-ல், கார்னெல் பல்கலைக்கழகத்தில். மார்ட்டிக்கு 18, ரூத்துக்கு 17. அன்றைக்குக் கார்னெலில் ஒரு மாணவிக்கு நான்கு மாணவர்கள். பெண் படிப்பாளி என்று தெரிந்தால் மவுசு குறையும். ரூத் யார் கண்ணிலும் படாமல் பாத்ரூமில் உட்கார்ந்து பாடம் படித்தவர். தனக்கு மூளை இருக்கிறது என்பதில் அக்கறை காட்டிய ஒரே பையன் மார்ட்டிதான் என்று பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார்.

வாழ்நாள் முழுக்கப் பேச ஒரு பொது சப்ஜெக்ட் வேண்டும் என்று இருவரும் ஒரே துறையைத் தேடியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மருத்துவம் சரிவரவில்லை, கெமிஸ்ட்ரி லேப் மார்ட்டியின் கோல்ஃப் பயிற்சி நேரத்தோடு மோதியது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் அப்போது பெண்களைச் சேர்க்கவில்லை. மிஞ்சியது சட்டம்.

உங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே துறையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கல்யாணம் பேசும்போது ஒரு சின்ன டெஸ்ட் வையுங்கள். உங்கள் வேலை என்ன, அதில் எது கஷ்டம் என்று பத்து நிமிடம் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் இரண்டாவது கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். முதல் கேள்வியை மரியாதைக்கு யாரும் கேட்பார்கள். இரண்டாவது கேள்வி ஆர்வம் இருந்தால்தான் வரும். சம்பளம் எவ்வளவு, நைட் ஷிஃப்ட் உண்டா என்பதோடு பேச்சு நின்றுவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. முறை வைத்துக்கொள்ளுங்கள்

சம பங்கு என்றதும் பலர் தினசரிக் கணக்குப் போடுகிறார்கள். இன்று பாத்திரம் நான், நாளை நீ. ஒரு டெட்லைன் வந்தால் அந்தக் கணக்கு காலி. ரூத் வீட்டில் கணக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது.

1954-ல் கல்யாணம். மார்ட்டிக்கு ராணுவப் பணி, ஒக்லஹோமாவில் ஃபோர்ட் சில் முகாம். ரூத் கூடவே போனார். 1956-ல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்தார். சுமார் 500 பேர் கொண்ட வகுப்பில் 9 பெண்கள். கையில் ஒரு வயது தாண்டிய பெண் குழந்தை. மார்ட்டி அதே பள்ளியில் ஒரு வருடம் சீனியர். மாலை நாலு மணிக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கிளம்பிவிடுவார். அதன்பின் தூங்கவைக்கும்வரை குழந்தைக்கான நேரம், தூங்கியபின் புத்தகம். படிப்பு குழந்தையிடமிருந்தும், குழந்தை படிப்பிடமிருந்தும் தனக்கு ஓய்வு தந்ததாக ரூத் சொல்வார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்று இரண்டிலும் குற்ற உணர்ச்சியோடு நிற்கும் இளம் அம்மாக்கள் இந்த டைம்டேபிளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மார்ட்டியின் படிப்பின் கடைசி ஆண்டில் அவருக்குப் புற்றுநோய். பெரிய ஆபரேஷன், பிறகு தினமும் ரேடியேஷன். பிழைப்பாரா என்பதே சந்தேகம். ரூத் என்ன செய்தார் என்று கவனியுங்கள். கணவரின் ஒவ்வொரு வகுப்பிலும் நன்றாக நோட்ஸ் எடுக்கும் மாணவர் யார் என்று கண்டுபிடித்தார். அவர்களிடம் கார்பன் பேப்பரைக் கொடுத்து, எழுதும் தாளுக்கு அடியில் வைத்து எழுதச் சொன்னார். மார்ட்டிக்கு நள்ளிரவில்தான் எதையாவது சாப்பிட முடிந்தது. அந்த நேரத்தில் அவர் சொல்லச் சொல்ல அவருடைய கட்டுரையை ரூத் டைப் செய்தார். அவர் தூங்கியபின், விடியற்காலை இரண்டு மணிக்குத் தன் பாடத்தை எடுத்தார். அந்த செமஸ்டரில் மார்ட்டி வகுப்புக்குப் போன நாட்கள் சொற்பம். ஆனாலும் உரிய காலத்தில் பட்டம் வாங்கினார். நெருக்கடி வந்தால் பதறாமல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து யாரிடம் எதைக் கேட்பது என்று முடிவெடுக்கும் திறமை இது. எந்த டீம் லீடரும் இதற்குச் சம்பளம் கொடுப்பார்.

1958-ல் மார்ட்டிக்கு நியூயார்க்கில் வேலை. குடும்பம் பிரிந்திருக்க வேண்டாம் என்று ரூத் கடைசி ஆண்டுக்குக் கொலம்பியாவுக்கு மாறினார். அங்கே முடித்தால் ஹார்வர்டு பட்டம் கிடையாது என்று டீன் எர்வின் கிரிஸ்வோல்டு கையை விரித்துவிட்டார். 1959-ல் கொலம்பியாவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு வெளியே வந்தார் ரூத். ஒரு சட்ட நிறுவனம்கூட வேலை தரவில்லை. யூதர், பெண், அதிலும் ஒரு குழந்தைக்குத் தாய். அந்தக் காலத்தில் இதில் ஒன்று போதும், கதவு சாத்த. அடுத்த சில ஆண்டுகள் மார்ட்டி தன் நிறுவனத்தில் பார்ட்னர் ஆகும் ஓட்டத்தில் இருந்தார். வீட்டுப் பாரம் பெரும்பாலும் ரூத்தின் தோளில்.

இத்தோடு கதை நின்றிருந்தால் இதில் நாம் பாராட்ட ஒன்றும் இல்லை. வழக்கமான கதைதான். 1970-களில் முறை மாறியது. பெண் உரிமை வழக்குகளில் ரூத்தின் நேரம் வந்தபோது மார்ட்டி வீட்டுக்குள் வந்தார். 1980-ல் ஊரே மாறினார். அதனால் அவர் நஷ்டப்பட்டாரா? அவரிடம் கிளையன்ட்டாக இருந்த கோடீஸ்வரர் ராஸ் பெரோ, ஜார்ஜ்டவுனில் மார்ட்டியின் பெயரிலேயே வரிச் சட்டத்துக்கு ஒரு பேராசிரியர் இருக்கையை நிறுவினார். ஊர் மாறினால் கரியர் போய்விடும் என்று பயப்படும் ஆண்கள் இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: அடுத்த மூன்று ஆண்டு யாருடைய முறை என்று உட்கார்ந்து பேசுங்கள். மறுபடி பேசும் தேதியையும் அப்போதே குறியுங்கள். "உன் முறை அப்புறம் வரும்" என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். ஜாயினிங் தேதி இல்லாத ஆஃபர் லெட்டரில் யாராவது கையெழுத்துப் போடுவார்களா?

3. துணையின் வேலையைப் படியுங்கள்

1970-ல் ஒரு மாலை. வீட்டில் பெரிய அறையில் ரூத், பக்கத்துச் சின்ன அறையில் மார்ட்டி. இருவரும் வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். மார்ட்டி புதிதாக வந்த வரித் தீர்ப்புகளைப் புரட்டுகிறார். ஒன்றில் கண் நிற்கிறது. எழுந்து போய் ரூத்திடம் நீட்டுகிறார். வரி வழக்கெல்லாம் நான் படிப்பதில்லை என்று ரூத் எரிந்துவிழுகிறார். இதைப் படி என்று சொல்லிவிட்டு மார்ட்டி தன் அறைக்குத் திரும்புகிறார். ஐந்து நிமிடத்தில் ரூத் அந்தச் சின்ன அறை வாசலில் நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. இந்த வழக்கை எடுத்துக்கொள்வோம் என்கிறார்.

விஷயம் இதுதான். சார்லஸ் மோரிட்ஸ் என்ற டென்வர்க்காரர் வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர். வீட்டில் 89 வயது அம்மா. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவுக்கு வரிக்கழிவு கேட்டார். 600 டாலர். சட்டப்படி அந்தக் கழிவு பெண்களுக்கு உண்டு. மனைவியை இழந்த, விவாகரத்தான ஆண்களுக்கும் உண்டு. கல்யாணமே ஆகாத ஆணுக்கு மட்டும் கிடையாது. வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார் மோரிட்ஸ். நான் மகனாக இல்லாமல் மகளாக இருந்திருந்தால் கொடுத்திருப்பீர்களே என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். தோற்றுப்போனார்.

மற்ற வரி நிபுணர்களின் கண்ணில் அது 600 டாலர் சமாச்சாரம். பாலினப் பாகுபாட்டை ஒழிக்க ரூத் ஒரு சரியான வழக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது மார்ட்டிக்குத் தெரியும். அதனால் அவர் கண்ணில் அது வேறாகத் தெரிந்தது. இருவரும் சேர்ந்து அப்பீலில் வாதாடினார்கள். வரிப் பகுதி மார்ட்டி, அரசியல் சாசனப் பகுதி ரூத். 1972-ல் ஜெயித்தார்கள். அதற்கு முன்பே, மோரிட்ஸுக்காகத் தயாரித்த வாதத்தின் நகலை ரூத் அமெரிக்கன் சிவில் லிபர்ட்டீஸ் யூனியனுக்கு அனுப்பியிருந்தார். அந்த அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் நடத்திய ரீட் வழக்கின் வாதத்தை எழுதும் வாய்ப்பு அவருக்கு வந்தது. 1971-ல் வந்த ரீட் தீர்ப்பில்தான், பெண் என்பதற்காகப் பாரபட்சம் காட்டிய ஒரு சட்டத்தை உச்ச நீதிமன்றம் முதன்முதலாக ரத்து செய்தது.

இன்னும் ஒரு போனஸ். மோரிட்ஸ் தீர்ப்பை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தத் தீர்ப்பு நின்றால் நூற்றுக்கணக்கான சட்டங்கள் ஆட்டம் காணும் என்று சொல்லி, ஆண், பெண் என்று பிரித்துப் பேசும் சட்டங்களின் பட்டியலையே மனுவோடு இணைத்தது. ராணுவத் துறையின் கம்ப்யூட்டரில் தயாரித்த பட்டியல். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு வக்கீல் வருடக்கணக்கில் உழைத்தாலும் அது கிடைக்காது. உச்ச நீதிமன்றம் அரசின் மனுவை ஏற்கவில்லை. பட்டியல் மட்டும் ரூத்தின் கையில் தங்கிவிட்டது. அடுத்து எந்தச் சட்டத்தை எதிர்ப்பது என்பதற்கு அதுவே வழிகாட்டி. அந்த மனுவைப் போட்ட சொலிசிட்டர் ஜெனரல் யார் தெரியுமா? ஹார்வர்டு பட்டம் கிடையாது என்று சொன்ன அதே கிரிஸ்வோல்டு. ரூத் 1970-களில் உச்ச நீதிமன்றத்தில் ஆறு வழக்குகளில் வாதாடினார், ஐந்தில் ஜெயித்தார்.

உங்கள் துணை ஐ.டி.யில் இருக்கலாம், நீங்கள் பேங்கில் இருக்கலாம். அவர் துறையில் இந்த வருடம் எது சூடான விஷயம், அவர் எந்த வாய்ப்புக்காகக் காத்திருக்கிறார் என்ற இரண்டுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இருந்தால் உங்கள் மேஜைக்கு வரும் ஒரு மெயிலில், ஒரு மீட்டிங்கில் அவருக்கான வாய்ப்பு உங்கள் கண்ணில் படும். லிங்க்ட்இன்னில் ஆயிரம் பேரைச் சேர்ப்பதைவிட இது பலன் தரும்.

4. "உங்க ஹஸ்பெண்ட் நல்லா சம்பாதிக்கிறாரே"

1963-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் ரூத்தைப் பேராசிரியராகச் சேர்த்தபோது சம்பளத்தைக் குறைத்தது. காரணம்: கணவருக்கு நல்ல வருமானம் இருக்கிறது. பின்னாளில் அங்கிருந்த பெண் பேராசிரியர்கள் ஒன்றாகச் சேர்ந்து சம ஊதியம் கேட்டுப் புகார் செய்தார்கள், ஊதியம் உயர்ந்தது.

இதே வாதம் இன்றும் அப்ரைசல் அறைகளில் வேறு குரலில் வருகிறது. இன்டர்வியூவில் துணையின் வேலை, வருமானம் பற்றிக் கேட்டால் சிரித்த முகத்தோடு பேச்சை உங்கள் வேலைக்குத் திருப்புங்கள். "இந்த ரோலுக்கு மார்க்கெட் ரேட் இது, நான் செய்து முடித்தது இது" என்று எண்களில் பேசுங்கள். அதேபோல் சக பெண் ஊழியர்களோடு சம்பளத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் பழக்கம் வேண்டும். தனியாகக் கேட்டால் குறை சொல்கிறார் என்பார்கள். சேர்ந்து கேட்டால் கணக்கைத் திறந்தாக வேண்டும்.

5. கிச்சனை யார் கையில் கொடுப்பது

ரூத்துக்குச் சமையல் வராது. ஃபோர்ட் சில் நாட்களில் அவர் செய்த மீன் உணவைப் பார்த்தே மார்ட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கல்யாணப் பரிசாக வந்திருந்த பிரெஞ்சு சமையல் மேதை எஸ்காஃபியேயின் புத்தகத்தைக் கையில் எடுத்து, அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டார். ஆனாலும் பல ஆண்டுகள் வாரநாட்களில் ரூத்தான் சமைத்தார். மார்ட்டி விடுமுறை நாள், விருந்து நாள் சமையல்காரர். அப்பா சமையலுக்கும் அம்மா சமையலுக்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடித்த மகள்தான் அம்மாவைக் கிச்சனிலிருந்து முழுதாக வெளியே அனுப்பினார். மார்ட்டி அதன்பிறகு ரூத்தின் அலுவலகத்தில் பிறந்தநாள் என்றால் கேக் செய்து அனுப்பும் அளவுக்குப் போனார்.

யாருக்கு எது நன்றாக வருமோ அதை அவரிடம் விடுங்கள். விட்டபின் மேற்பார்வை பார்க்காதீர்கள். கணவர் நறுக்கிய காயின் அளவைத் திருத்திக்கொண்டிருக்கும் மனைவிக்கு அந்த வேலை சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.

6. உங்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும்

1993-ல் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானது. ரூத் தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்ளத் தெரியாதவர், மிகவும் அமைதியானவர். மார்ட்டி தன் நெட்வொர்க் முழுவதையும் திரட்டினார். சட்டப் பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், பெண்கள் அமைப்பினர் என்று பலரிடம் பேசி வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதவைத்தார். பிறகு வெள்ளை மாளிகை வக்கீல்கள் குடும்பக் கணக்குகளைச் சோதிக்க வீட்டுக்கு வந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான், வீட்டுப் பணியாளர் தொடர்பான வரிச் சிக்கலால் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஒரு பெண் விலக நேர்ந்திருந்தது. மார்ட்டி வீட்டில் அத்தனை காகிதமும் அடுக்கிவைத்தபடி இருந்தது. வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடும் அவரே சமைத்துப் போட்டார். செனட்டில் 96-க்கு 3 என்ற வாக்கில் ரூத் தேர்வானார்.

இதில் உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. துணையின் திறமையை நாலு பேர் இருக்கும் இடத்தில் குறிப்பாகச் சொல்லப் பழகுங்கள். "அவ ரொம்ப ஹார்டுவொர்க்கிங்" என்றால் யாருக்கும் நினைவில் நிற்காது. எந்த ப்ராஜெக்ட்டை எப்படி மீட்டார் என்று சொன்னால் நிற்கும். இரண்டாவது, வருமான வரி, வீட்டு ஒப்பந்தம், சர்டிஃபிகேட் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். பெரிய வாய்ப்புகளுக்கு பேக்ரவுண்ட் செக் கட்டாயம் உண்டு. அது வரும்போது தேட நேரம் இருக்காது.

வீட்டில் ஒரு நல்ல பேரம் பேசுபவர் இருப்பதன் அருமையையும் இங்கே சொல்ல வேண்டும். பிற்காலத்தில் ஹார்வர்டு மனம் மாறி, கொலம்பியா பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தால் தன் பட்டத்தைத் தருவதாகச் சொன்னது. வேண்டாம், கௌரவ டாக்டர் பட்டம் வரும்வரை பொறுத்திரு என்றார் மார்ட்டி. 2011-ல் ஹார்வர்டு அதையே கொடுத்தது.

7. சிலது காதில் விழ வேண்டாம்

கல்யாணத்தன்று மாமியார் ரூத்தைத் தனியாக அழைத்துச் சொன்னது: நல்ல குடும்பத்தில் அவ்வப்போது கொஞ்சம் காது கேட்காமல் இருப்பது உதவும். இந்த அறிவுரையை உச்ச நீதிமன்ற சகாக்களிடமும் கடைப்பிடித்ததாக ரூத் சொல்வார். கோபத்தில் வந்த மெயிலுக்கு அன்றே பதில் போடாதீர்கள். அவ்வளவுதான்.

8. ஸ்கூல் போன் யாருக்கு வருகிறது?

ரூத்தின் மகன் படுசுட்டி. பள்ளியிலிருந்து அடிக்கடி போன், எப்போதும் அம்மாவுக்கு. ஒருநாள் இரவு முழுக்க விழித்து எழுதிக் களைத்திருந்த ரூத், இந்தக் குழந்தைக்கு அம்மா, அப்பா இருவரும் இருக்கிறார்கள், இனி மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள், இது அப்பாவின் முறை என்று சொல்லிவிட்டார். மார்ட்டி போனார். பையன் பள்ளி லிஃப்ட்டைத் திருடிவிட்டான் என்று நிர்வாகம் படபடத்தது. லிஃப்ட் இயக்குபவர் சிகரெட் பிடிக்கப் போன நேரத்தில் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேல்மாடிக்கு ஓட்டியிருக்கிறான். அதைத் திருடிக்கொண்டு எவ்வளவு தூரம் போய்விடுவான் என்று கேட்டார் மார்ட்டி. அன்றிலிருந்து பள்ளி போன்கள் ஒரு பருவத்துக்கு ஒன்று என்று குறைந்துபோயின. மகன் மாறிவிடவில்லை. ஓர் ஆணை வேலை நேரத்தில் தொந்தரவு செய்யப் பள்ளி தயங்கியது, அவ்வளவுதான்.

உங்கள் குழந்தையின் பள்ளியில் முதல் தொடர்பு எண் யாருடையது என்று பாருங்கள். ஸ்கூல் வாட்ஸ்அப் க்ரூப்பில் யார் இருக்கிறார், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் யார் போனில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். எல்லாம் ஒரே நம்பர் என்றால் நாளைக்குப் பள்ளி அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து இரண்டாவது நம்பரை முதலிடத்துக்கு மாற்றுங்கள். அப்பாக்களே, அந்தக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். போன் வரும்போது மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே வந்து பேசுங்கள், டீம் பார்க்கிற மாதிரி.